சொல்லின் வலிமையும் நம் விசுவாசமும்

(கழக வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

    

கிறிஸ்தவ விசுவாசத்தில் வாய்ச்சொல்லுக்குள்ள வலிமையைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். நான் போதகன் அல்லன்; அரசுப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியன். முப்பது ஆண்டுகளாகச் சொல்லை முதலாக வைத்துப் பிழைப்பவன். அந்த உரிமையில்தான் இம்மேடையில் நிற்கிறேன். நம் கழகத்தில் இந்து சமயத்தைச் சார்ந்த அன்பர்களும் பலர் உள்ளனர். நான் பிறந்து வளர்ந்த கிறிஸ்தவக் குடும்பத்தின் மொழியிலேயே பேசப்போகிறேன் என்றாலும், சொல் ஆக்குவதும் சொல் அழிப்பதும் எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவானவை. ஆதலின் எல்லோரும் செவிசாய்க்க வேண்டுகிறேன்.

'நெல்லைக் கொட்டினால் அள்ளிவிடலாம். சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது' என்பது நம் பாட்டிமார் அடிக்கடி கூறும் பழமொழி. கண்மாய் மடையைத் திறந்தபின் பாய்ந்துவிட்ட நீரைத் திரும்ப அழைக்க இயலுமா? வள்ளுவப் பெருந்தகை இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரமும், சொல்வன்மைக்கு மற்றோர் அதிகாரமும் வகுத்தது இதனை அறிந்தே. வேதாகமத்தில் ஈசாக்கின் வரலாற்றைப் படியுங்கள். பார்வை மங்கிய அந்த முதியவர், மூத்த மகன் என்று நம்பி இளையவனாகிய யாக்கோபுக்கு ஆசி கூறிவிடுகிறார். உண்மை தெரிந்தபின் மூத்தவன் ஏசா வாய்விட்டு அழுகிறான். ஆயினும் தந்தையால் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற இயலவில்லை. பத்திரம் எழுதவில்லை, முத்திரை இடவில்லை, வெறும் வாய்ச்சொல்தான். ஆனால் அது சென்று சேர்ந்துவிட்டது.

கிறிஸ்தவ விசுவாசம் தொடங்குவதே சொல்லில்தான். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் கடவுள் கருவி எதையும் கையில் எடுக்கவில்லை. சொல்கிறார், ஒளி உண்டாகிறது. யோவான் எழுதிய சுவிசேஷம் கிறிஸ்துவையே 'வார்த்தை' என்று பெயரிட்டு அழைக்கிறது. 1995-ஆம் ஆண்டு வெளிவந்த திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பு அவ்விடத்தில் 'வாக்கு' என்னும் சொல்லை ஆள்கிறது. நம் தமிழில் வாக்கு என்பதற்குப் பேச்சு என்றும் பொருள். கொடுத்த உறுதி என்றும் பொருள். 'அவர் வாக்குத் தவறாதவர்' என்கிறோம் அன்றோ? சொல்வதும், சொன்னபடி நிற்பதும் வேறு வேறு அல்ல என்பதை இந்த ஒரு சொல்லே நமக்குக் கற்பிக்கிறது.

இந்த வார்த்தை நம் முன்னோரிடம் எவ்வழியாக வந்தது என்பதைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். சீகன்பால்கு தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715-இல் அச்சிட்டு முடித்தார். அமெரிக்க மிஷனரிமார் 1834-இல் மதுரையில் பணி தொடங்கினர். அச்சுப் புத்தகம் இருந்தது. ஆனால் நம் மூதாதையருக்கு எழுத்து மறுக்கப்பட்டிருந்ததே! ஆகவே அவர்களை வேதம் கண் வழியாக வந்தடையவில்லை. செவி வழியாக வந்தடைந்தது. பகலெல்லாம் வயலில் உழைத்துத் திரும்பியபின், மாலையில் விளக்கொளியில் உபதேசியார் ஒரு வரி சொல்வார். அவர்கள் அதனைத் திரும்பச் சொல்வார்கள். என் பாட்டியார் கைந்நாட்டு வைப்பவர். ஆயினும் மேய்ப்பனைப் பற்றிய சங்கீதத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஓர் எழுத்துப் பிழையின்றிச் சொல்வார். எழுத்தறியாதவர் சொல்லறியாதவர் அல்லர் என்பதை நான் முதன்முதலில் கற்றது அவரிடமே.

அதே பாட்டியார் இன்னொன்றும் கூறுவார். ஊர்த் தெருவில் பத்து வயதுச் சிறுவன்கூட நரைத்த தலையுடைய என் பாட்டனாரை 'அடேய்' என்றுதான் அழைப்பானாம். பாட்டனார் அச்சிறுவனுக்குச் 'சாமி' என்று மறுமொழி கூற வேண்டுமாம். தமிழில் வா என்றும், வாரும் என்றும், வாருங்கள் என்றும் மூன்று படிகள் உள்ளன. நம் மக்களுக்கு அம்மூன்றனுள் ஒன்றே அளக்கப்பட்டது. ஒருவரை அடித்தால் காயம் ஆறும். 'அடேய்' என்று நாள்தோறும் அழைத்தாலோ, அழைக்கப்படுகிறவன் தன்னையே அடேய் என்று எண்ணத் தொடங்கிவிடுகிறான். சாதி நிலைத்து நிற்பதற்கு நிலமும் பணமும் மட்டுமே காரணமல்ல. வாயும் ஒரு காரணம்.

பகலில் நிலவுடைமையாளரைச் 'சாமி' என்று அழைத்த அதே வாய், மாலை ஜெபத்தில் கடவுளைச் 'சாமி' என்று அழைத்தது. நம் நாட்டின் வேறு சில மாவட்டங்களில் நிலக்கிழாரை 'ஆண்டை' என்பர்; நாம் கடவுளை 'ஆண்டவர்' என்கிறோம். இரண்டுக்கும் வேர் ஒன்றே. ஆண்டவர் ஒருவரே என்று ஒருவன் மனமார வாய்விட்டுச் சொல்லிவிட்டால், ஆண்டைகளின் இருக்கை ஆட்டம் காணும். சொன்னவர்களுக்கே முதலில் இது விளங்கியிருக்காது. ஆனால் கேட்டுக்கொண்டிருந்த சிலருக்கு நன்றாக விளங்கியது. அதனால்தான் பல ஊர்களில் சேரியில் ஜெபக்கூட்டம் கூடுவதை அவர்கள் விரும்பவில்லை.

ஓர் அழைப்புச் சொல் உலகப் பெரியார் ஒருவரை எவ்வாறு உலுக்கியது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி கூறுகிறேன். அமெரிக்கக் கறுப்பின மக்களின் தலைவரும் பாப்திஸ்து சபைப் போதகருமான மார்ட்டின் லூதர் கிங் 1959-இல் இந்தியாவுக்கு வந்தார். திருவனந்தபுரத்தில், தாழ்த்தப்பட்ட மாணவர் படித்த ஒரு பள்ளிக்குச் சென்றார். அப்பள்ளியின் தலைமையாசிரியர், உங்களைப் போலவே அமெரிக்காவில் தீண்டத்தகாதவராக வாழ்கிறவர் என்னும் பொருள்பட மாணவருக்கு அவரை அறிமுகம் செய்தார். முதலில் கிங்குக்குத் திடுக்கென்றது. சற்று வருத்தமும் உண்டாயிற்று. பின்னர்த் தம் நாட்டில் தம் மக்கள் வாழும் நிலையை எண்ணிப் பார்த்து, ஆம், நானும் தீண்டத்தகாதவனே என்று தமக்குள் ஒப்புக்கொண்டார். 1965-இல் தம் சபையில் ஆற்றிய பிரசங்கத்தில் இதனை அவரே எடுத்துரைத்தார். ஒரு பள்ளி ஆசிரியர் சொன்ன ஒரு சொல், கடல் கடந்த இரு மக்களின் துன்பத்தை ஒரே கயிற்றில் கட்டிவிட்டது பாருங்கள்!

இனி, சுவிசேஷத்திலிருந்து இருவரை உங்கள் முன் நிறுத்துகிறேன். இருவரும் நம்மவர்களைப் போன்றவர்கள்.

முதலாமவர் ஒரு பெண். மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் ஏழாம் அதிகாரத்தில் வருகிறார். யூதர் அல்லாத அயல் இனத்தவர். நோயுற்ற மகளுக்காக இயேசுவின் காலில் விழுகிறார். பிள்ளைகளின் உணவை நாய்களுக்குப் போடலாகாது என்னும் கருத்தில் இயேசு மறுமொழி கூறுகிறார். இந்தச் சொல்லைப் படிக்கும்போது நமக்கு நெஞ்சில் முள் தைக்கிறது. ஏனெனில் அதனைப் பிறர் வாயிலிருந்து நாம் கேட்டிருக்கிறோம். அந்தத் தாய் அழுதுகொண்டு திரும்பிப் போகவில்லை, ஏசவும் இல்லை. மேசைக்குக் கீழே விழும் துணிக்கைகளை நாய்க்குட்டிகளும் தின்னுமே என்று, அவர் சொன்ன சொல்லையே எடுத்து அவரிடம் திருப்பித் தருகிறார். அப்போது இயேசு செய்ததென்ன? நீ சொன்ன இந்தச் சொல்லுக்காகவே உன் மகள் குணமடைந்தாள் என்னும் பொருள்பட உரைத்து அனுப்புகிறார். சுவிசேஷத்தில் இயேசுவின் சொல்லால் நலம் பெற்றோர் பலர். இங்கே, ஒடுக்கப்பட்ட ஒரு தாயின் சொல் இயேசுவின் சொல்லையே மாற்றியது. இதைவிடப் பெரிய மரியாதையை எந்த வேதம் நம் தாய்மார்களின் வாய்க்குக் கொடுத்திருக்கிறது?

இரண்டாமவர் பர்திமேயு என்னும் பார்வையற்றவர். எரிகோ நகரின் வழியோரத்தில் இரந்துண்டவர். இயேசு அவ்வழியே வருகிறார் என்று அறிந்து உரக்கக் கூவுகிறார். கூட்டம் அவரை அதட்டி, வாயை மூடு என்கிறது. அவரோ முன்னிலும் உரக்கக் கூவுகிறார். இயேசு நின்றார். அவரை அழைத்து, நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். பார்வையற்றவருக்கு வேண்டுவது என்னவென்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆயினும் அவர் வாயாலேயே சொல்லக் கேட்க விரும்பினார். இளைஞர்களே, நமக்காக மற்றவர் பேசிய காலம் உண்டு. அவர்களுக்கு நன்றி சொல்வோம். ஆனால் நமக்கு என்ன வேண்டும் என்பதை நாமே நம் வாயால் சொல்லும்போதுதான் விசுவாசம் நிறைவடைகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். சொல்லின் வலிமை என்றவுடன், நினைத்ததை வாயால் அறிக்கையிட்டால் அப்படியே கைகூடும் என்று போதிப்போர் இக்காலத்தில் பெருகிவிட்டனர். கடன் தீர்ந்தது என்று ஏழு முறை சொல், தீர்ந்துவிடும் என்கின்றனர். கூலி வேலை செய்யும் தாய் ஏழு முறையல்ல, எழுபது முறை சொல்கிறாள். வட்டிக்காரர் வழக்கம்போலச் சனிக்கிழமை வாசலில் வந்து நிற்கிறார். அப்போது அவளிடம், உனக்கு விசுவாசம் போதவில்லை என்கின்றனர். இது ஏழையின் தோளில் இன்னொரு சுமையை ஏற்றுவதாகும். வேதாகமத்தின் வார்த்தை மந்திரம் அன்று. அது சொல்கிறவனைக் கட்டுவது. கடவுள் சொன்னார், சொன்னதைச் செய்தார். நாமும் சொன்னால், செய்யக் கடமைப்படுகிறோம். வலிமை முழுவதும் அந்தக் கட்டில்தான் இருக்கிறது.

இதற்கு நம் மதுரை மண்ணிலேயே சான்று உண்டு. இங்கே பணியாற்றிய அமெரிக்க மிஷன் 1847-இல் ஒரு சோதனையை எதிர்கொண்டது. கிறிஸ்துவுக்குள் அனைவரும் சகோதரர் என்று வாயால் சொன்னவர்களிலேயே பலர், தாழ்த்தப்பட்டோர் சமைத்ததை உண்ண மறுத்தனர். வாயால் சொன்னது போதாது, உடனமர்ந்து உண்ண வேண்டும் என்று மிஷன் உறுதி காட்டியது. மறுத்தவர் பலர் சபையுறவிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டனர். அவர்களில் உபதேசிமாரும் இருந்தனர் என்பதை வருத்தத்தோடு நினைவுகூர வேண்டும். பிரசங்க பீடத்தில் சகோதரர் என்று சொன்ன நாவும், சோற்றுத் தட்டைக் கண்டு மடங்கிய நாவும் ஒன்றே. அந்தச் சோதனை 1847-உடன் முடிந்துவிட்டதா? தமிழகத்தில் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் நின்றதைப் பின்வந்த தலைமுறைகளும் கண்டன. செத்தவருக்கும் சகோதரத்துவம் கிடைக்கவில்லை என்றால், உயிரோடிருப்பவரின் ஜெபத்துக்கு என்ன பொருள்?

சொல்லையும் சோற்றையும் மீண்டும் ஒன்றாக இணைக்க முயன்ற ஒருவரை நாம் மறக்கலாகாது. மதுரை அரசரடியில் 1969-இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பேராசிரியராக விளங்கிய தியாபிலஸ் அப்பாவு அவர்களே அவர். 1940-இல் பிறந்து 2005-இல் மறைந்தார். மாணவரும் கிராமத்தாரும் அன்போடு 'பறட்டை அண்ணன்' என்று அழைத்தனர். கர்நாடக இசைக் கீர்த்தனைகளும் மேனாட்டுப் பாமாலைகளும் ஒலித்த ஆலயத்தில், வயலில் நாற்று நடுவோரின் மெட்டையும் பேச்சுத் தமிழையும் கொண்டுவந்து நிறுத்தினார். இழிவின் அடையாளம் என்று நம்மவரே வெட்கப்பட்ட பறையை வழிபாட்டுக்குரியது என்றார். இயேசு கற்பித்த ஜெபத்தை நாட்டுப்புற இசையில் அமைத்தபோது, கடவுளைப் 'பெத்தவரே' என்று அழைத்தார். தாயையும் குறிக்கும், தந்தையையும் குறிக்கும், மரியாதையும் குறையாத நம் வீட்டுச் சொல் அது! 'ஒரு உலை' என்னும் கருத்தையும் அவர் வலியுறுத்தினார். எல்லோருக்கும் ஒரே உலையில் சோறு பொங்கி, எல்லோரும் பகிர்ந்துண்ணும்போதே ஜெபம் உண்மையாகும் என்பது அதன் உட்பொருள்.

கடவுளிடம் பேசுவதற்கு இலக்கணத் தமிழை இரவல் வாங்க வேண்டியதில்லை. உன் தாய் உன்னைத் தாலாட்டிய மொழியே போதும் என்று அவர் நம் மக்களுக்குக் காட்டினார். இலக்கணத் தமிழ் கற்பிக்கும் தொழிலில் இருக்கும் நானே இதனை மனமார ஒப்புக்கொள்கிறேன். தன் மொழியைக் கடவுள் கேட்கிறார் என்று அறிந்தவன், அதே மொழியில் வட்டாட்சியர் அலுவலகத்திலும் தலைநிமிர்ந்து பேசுவான்.

அன்பர்களே, இதுகாறும் பிறர் சொல்லைப் பற்றிப் பேசினேன். இனி என் சொல்லைப் பற்றி ஒன்று கூற வேண்டும். சொல்லாமல் இவ்வுரையை முடித்தால் என் மனச்சான்று என்னை விடாது.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நான் எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நம் சமுதாயத்தைச் சார்ந்த மாணவன் ஒருவனை எழுப்பிப் பாடத்தை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். அவன் திக்கித் திணறினான். மூன்று முறை திருத்தினேன். நான்காம் முறை பொறுமை இழந்து, 'உனக்கெல்லாம் எதற்குப் படிப்பு? உன் அப்பனோடு செங்கல் சூளைக்குப் போ' என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்தான். மறுநாள் வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து அவன் வீட்டுக்குச் சென்றேன். அவன் உண்மையாகவே சூளைக்குப் போயிருந்தான். அவன் தாயார் என்னைக் கோபிக்கவில்லை. 'நீங்களே சொல்லிட்டீங்களே, சார்' என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எவ்வளவோ வேண்டிக் கேட்டும் அவன் திரும்பி வரவில்லை. ஊரார் சொல்லியிருந்தால் அவன் எதிர்த்து நின்றிருப்பான். தன்னவன் ஒருவன், அதிலும் படித்த ஒருவன் சொன்னதால் நம்பிவிட்டான்.

இவ்வாண்டு பள்ளி திறந்த வாரத்தில் ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கு ஒரு சிறுமியை அழைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் அடையாளம் கண்டேன். அவனேதான்! நான் எழுந்து நின்றேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் கைகளைக் கூப்பி, 'அதெல்லாம் பழசு, சார். பாப்பாவை மட்டும் ஒண்ணும் சொல்லிடாதீங்க' என்றார். ஈசாக்குக்கும் எனக்கும் ஒரே நிலைதான். கொட்டிய சொல்லை நான் அள்ள முடியாது. ஆனால் அச்சிறுமிக்கு நான் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன். நாள்தோறும் காலை வணக்கக் கூட்டம் முடிந்ததும் அவள் என்னிடம் வந்து ஒரு பக்கம் வாய்விட்டுப் படிக்கிறாள். அவளும் திக்குகிறாள். நான் காத்திருக்கிறேன்.

ஆகவே, இவ்வெள்ளி விழாவில் உங்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: நம் வீடுகளில் பிள்ளைகளை 'மக்கு' என்றும் 'உருப்படாதவன்' என்றும் ஏசும் வழக்கம் இன்றோடு ஒழியட்டும். ஊரார் நம்மை ஏசிய சொற்களை நாமே நம் பிள்ளைகளுக்கு வழங்கலாமா? நம் கழகத்தின் மாலை நேர வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் நாள்தோறும் உரக்கப் படிக்க வேண்டும். ஆசிரியர் அதுவரை காத்திருக்க வேண்டும்.

இரண்டு: நம் இளைஞர், ஆண் பெண் இருபாலரும், கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து பேச வேண்டும். நம் மாநிலத்தில் குடியரசு நாள், தொழிலாளர் நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் ஆகியவற்றோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு முறை அச்சபை கூடுகிறது. குடிநீர் வேண்டுமா, மயானப் பாதை வேண்டுமா, கேளுங்கள். சொன்னது தீர்மான நோட்டில் ஏறியதா என்றும் பாருங்கள். கூட்டம் அதட்டினால் பர்திமேயுவை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று: சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு வேப்ப மரத்தடியில் கூடிய ஐந்தாறு பேரிடம் பணமில்லை, கட்டடமில்லை. நம் பிள்ளை ஒன்றுகூடப் படிப்பை நிறுத்தக் கூடாது என்று ஒரு சொல் சொன்னார்கள். இன்று நாம் அமர்ந்திருக்கும் இந்தக் கூடம் அந்தச் சொல்லிலிருந்து எழுந்தது. அச்சொல் இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை. என்னாலேயே ஒரு பிள்ளை நின்றுபோயிருக்கிறான். மிச்சக் கடனை அடைக்க வேண்டியது நம் கடமை.

கடவுள் தம் வார்த்தையால் இருளில் ஒளியை உண்டாக்கினார் என்று விசுவசிக்கிறோம். நம் வாய்ச்சொல்லால் ஒரு பிள்ளையின் முகத்திலாவது அந்த ஒளி தோன்றட்டும்.